செம்பனை ஊரிலிருந்து நடுவர் மன்றம் வரை: இளம் வழக்கறிஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டு ஆகியும் எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது இங்கே, தென்னமரம் தோட்டத்தில், 1917இல். இந்த மண்ணின் எண்ணெய் உலகமெங்கும் போகிறது. அதைப் பற்றிய தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போகாமல், லண்டனிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் முன்னால் தீர்கின்றன. இதைத்தான் ஆர்பிட்ரேஷன் என்பார்கள். அந்த அறைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் வழக்கறிஞராக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகளோடு பேசினேன். நேரம் போதவில்லை, மிச்சத்தை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஆர்பிட்ரேஷன் துறைக்குப் போக முதலில் எந்தச் சான்றிதழ் எடுப்பது? கட்டணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, இப்போது எதற்கும் பணம் கட்டாதே. 1915இல் லண்டனில் தொடங்கிய பட்டய நடுவர் கழகத்துக்கு மலேசியாவிலும் கிளை உண்டு. இணை உறுப்பினர், உறுப்பினர், ஃபெல்லோ என்று அதில் மூன்று படிகள். நல்ல படிப்புதான். தீர்ப்பு எழுதும் பயிற்சி அதில் மிக உயர்ந்தது. ஆனால் வேலைக்குப் போய், அலுவலகம் கட்டணத்தில் பங்கு தரும் காலத்தில் எடுத்தால் பாடமும் மனதில் நன்றாக நிற்கும்.

இப்போது செய்யக்கூடியவை செலவில்லாதவை. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தை எடுத்துக்கொள். ஐம்பது சொச்சம் பிரிவுகள்தான். பக்கத்தில் அன்சிட்ரால் என்ற ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் 1985ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தை வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படி. நம் சட்டம் அதை அடியொற்றி எழுதப்பட்டது. சிங்கப்பூர், ஹாங்காங், இந்தியச் சட்டங்களுக்கும் அதுவே அடிப்படை. ஒன்றை ஒழுங்காகப் படித்தால் நான்கு நாட்டுச் சட்டத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

அப்புறம், வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் வில்லெம் விஸ் மாதிரி வழக்குப் போட்டியின் பழைய வழக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வியன்னாவுக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. ஒரு பழைய வழக்கை எடுத்து, முதலில் வாதிக்காக ஒரு மனு எழுது. ஒரு மாதம் கழித்து அதே வழக்கில் பிரதிவாதிக்காக எழுது. சொந்த வாதத்தையே உடைக்க உட்காரும்போதுதான் அதில் எங்கே ஓட்டை என்று தெரியும். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விடாதே. ஆசிய பசிபிக் வட்டாரச் சட்டச் சங்கமான லாஏசியாவின் மாதிரி வழக்குப் போட்டியும் நடுவர் மன்ற வழக்குதான், செலவும் வியன்னா அளவுக்கு வராது.

கேள்வி: கோல சிலாங்கூர் பக்கம் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் சேம்பரிங் (வழக்கறிஞராகும் முன் செய்ய வேண்டிய பயிற்சி) செய்கிறேன். வீட்டுப் பத்திரமும் மோட்டார் விபத்து வழக்கும்தான் வேலை. ஒன்பது மாதம் முடிந்து கோலாலம்பூருக்கு நேர்காணலுக்குப் போனால், என்ன அனுபவம் இருக்கிறது என்று சொல்வது?

தம்பி, உன் மேசையில் இருக்கும் கோப்பை வைத்தே பழகலாம். உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனைத்துலக நடுவர் விசாரணையில் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியதை எழுத்தில் முன்கூட்டியே தாக்கல் செய்துவிடுவார்கள். விசாரணை நாளில் பெரும்பாலும் நேராகக் குறுக்கு விசாரணைதான். அதற்கும் இரு தரப்புக்கும் மணிக்கணக்கைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். சதுரங்கக் கடிகாரம் போல, நீ பேசும்போது உன் நேரம் ஓடும். எந்தத் தாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி நிற்பவர் தன் கட்சிக்காரரின் நேரத்தைக் கரைக்கிறார். என் முதல் விசாரணையில் ஆவணக் கட்டுகளுக்குத் தொடர் பக்க எண் போடாமல் போய்விட்டேன். ஒரே கடிதம் மூன்று கட்டில் மூன்று எண்ணோடு இருந்தது. நடுவர் கோபப்படவில்லை, பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பை நான் மறக்கவே இல்லை.

அதனால் உன் விபத்து வழக்கு ஒன்றை எடு. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, பணிமனை ரசீது எல்லாவற்றையும் வைத்துக் காலவரிசை ஒன்று எழுது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று குறி. ஆதாரம் இல்லாத வரி இருந்தால் அதைச் சிவப்பில் போடு. அந்தச் சிவப்பு வரிகள்தான் வழக்கின் பலவீனம்.

அடுத்தது ஆவணம் கேட்கும் அட்டவணை. ஆலன் ரெட்ஃபெர்ன் என்ற நடுவரின் பெயரால் ரெட்ஃபெர்ன் அட்டவணை என்பார்கள். எந்த ஆவணம் வேண்டும், ஏன் வேண்டும், எதிர்த்தரப்பின் மறுப்பு என்ன, நடுவரின் முடிவு என்ன என்று நான்கு பத்தி. அனைத்துலக வழக்கறிஞர் சங்கத்தின் சான்று விதிகள் கடைசியாக 2020இல் திருத்தப்பட்டன. கேட்கும் ஆவணம் குறுகியதாக, குறிப்பானதாக, வழக்கின் முடிவைப் பாதிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். "லாரியைப் பற்றிய எல்லாத் தாள்களும்" என்று கேட்டால் நடுவர் தள்ளிவிடுவார். "விபத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் இந்த எண் லாரியின் பிரேக்கைப் பழுதுபார்த்த ரசீதுகள்" என்று கேட்டால் கொடுப்பார். உன் கோப்பிலிருந்தே இப்படிப் பத்துக் கோரிக்கை எழுது. பிறகு எதிர்த்தரப்பாக உட்கார்ந்து பத்துக்கும் மறுப்பு எழுது.

நேர்காணலில், கட்சிக்காரர் பெயர்களை மறைத்துவிட்டு இந்த இரண்டு தாளையும் காட்டு. நானே இளையவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சான்றிதழைவிட இப்படி ஒரு தாள் எனக்கு அதிகம் சொல்லும்.

கேள்வி: என் மாமா தேங்காய்ச் சிரட்டைக் கரி ஏற்றுமதி செய்கிறார். சென்னை வாங்குநர் அனுப்பிய ஒப்பந்தத்தில் "தகராறுகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ நடுவரால் தீர்க்கப்படும்" என்று ஒரே ஒரு வரி. புதிதாக வழக்கறிஞரான என்னிடம் சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். "இதுவோ அதுவோ" என்ற அந்த ஓகாரத்துக்காகவே ஓராண்டு சண்டை நடக்கலாம். எந்த நிறுவனத்தின் விதிகள், எத்தனை நடுவர்கள், எந்த மொழி, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று எதுவுமே அந்த வரியில் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் சட்ட இருப்பிடம், சீட் என்பார்களே, அது. விசாரணையை எந்த ஊர் ஓட்டலிலும் நடத்திக்கொள்ளலாம். சீட் எந்த நாடோ அந்த நாட்டு நீதிமன்றம்தான் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லும் மனுவைக் கேட்கும். சீட் மலேசியா என்றால் தீர்ப்பு கைக்கு வந்து 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

புதிதாக எழுத முயலாதீர்கள். 1978இல் தொடங்கி 2018இல் பெயர் மாறிய ஆசிய அனைத்துலக நடுவர் மையம் கோலாலம்பூரில், பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுலைமான் கட்டடத்தில் இருக்கிறது. அதன் மாதிரி வாசகத்தை அப்படியே எடுத்து, விட்ட இடங்களை நிரப்புங்கள். மாமாவின் சரக்குக்கு ஒரு நடுவரே போதும். மூவரை வைத்தால் செலவு சரக்கின் விலையைத் தின்றுவிடும்.

தீர்ப்பு வந்தால் இந்தியாவில் பணம் வசூலிக்க முடியுமா என்பதையும் இப்போதே பாருங்கள். 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் உண்டு. ஆனால் இந்தியா, தன் அரசிதழில் அறிவித்த நாடுகளின் தீர்ப்பை மட்டுமே அதன்படி ஏற்கும். மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேறு ஏதாவது நாட்டை சீட்டாக எழுதச் சொன்னால் முதலில் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். வாசகம் எழுதும் பயிற்சி என்றால் இப்படிப் பணம் வந்து சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி யோசித்துப் பழகுவதுதான்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். ஆங்கிலம் எழுதுவேன், பேசும்போது திக்குகிறது. இந்தத் துறை எனக்கு ஒத்து வருமா?

வரும். நடுவர்கள் பல நாட்டுக்காரர்கள், அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி. சின்ன வாக்கியம், ஒரு கேள்வியில் ஒரே ஒரு செய்தி என்பதுதான் நல்ல குறுக்கு விசாரணைக்கும் இலக்கணம். தினமும் பத்து நிமிடம் ஒரு தீர்ப்பின் ஒரு பத்தியைப் படித்து, தாளை மூடிவிட்டு, வாய்விட்டுச் சொல். கைப்பேசியில் பதிந்து கேள்.

உன் தமிழும் வீணாகாது. மறுநடவு ஒப்பந்தத் தகராறு ஒன்றில் பழைய மண்டோர் (வேலைக் கண்காணி) ஒருவர் தமிழில் சாட்சி சொன்னார். "எங்களுக்குக் கணக்கு தீர்த்துட்டாங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைக் கணக்கு முழுதும் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொண்டது: பாக்கி இல்லை என்று சாட்சியே சொல்லிவிட்டார் என்று. தோட்டத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும், அவர் சொன்னது வேலையிலிருந்து நீக்கி அனுப்பிவிட்டார்கள் என்று. நானே மொழிபெயர்த்துத் திருத்தக் கூடாது, அது வழக்கறிஞர் சாட்சி சொல்வதாகிவிடும். எழுந்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சாட்சியிடமே மொழிபெயர்ப்பாளர் கேட்கட்டும், பதில் பதிவேட்டில் ஏறட்டும் என்று நடுவரை வேண்டினேன். ஏறியது. இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அதனால்தான் உனக்குச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணன் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். செம்பனை எண்ணெய் வழக்குகளில் நான் வழக்கறிஞராக முடியுமா?

முடியும், ஆனால் வாசலை அறிந்து போக வேண்டும். உலக எண்ணெய் வணிகம் பெரும்பாலும் லண்டனில் உள்ள, எண்ணெய், விதை, கொழுப்பு வணிகர்களின் ஃபோஸ்ஃபா சங்கத்தின் ஒப்பந்தப் படிவங்களில் நடக்கிறது. உள்நாட்டில், மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பாளர் சங்கமான போராமின் படிவங்கள். ஃபோஸ்ஃபா நடுவர்கள் வணிகத்தில் ஊறியவர்கள். அங்கே முதல் விசாரணை, பிறகு மேல்முறையீடு என்று இரண்டு அடுக்கு. வழக்கறிஞர் எழுந்து நின்று வாதாடும் வழக்கமான மேடை அது அல்ல. பின்னால் இருந்து கோப்பைத் தயாரிக்கும் வேலைதான் அதிகம். கெடுக்கள் மிகக் குறுகியவை, நாட்கணக்கில் ஓடும். அண்ணனிடம் மாதிரி எடுப்பது, முத்திரை வைப்பது, தனித்த கொழுப்பு அமில அளவு பார்ப்பது எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள். கச்சா செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. அந்த எண்ணை வைத்தே பல தகராறுகள் எழுகின்றன.

கேள்வி: மகன் சட்டம் படிக்கிறான், அதனால் கேட்கிறேன். என் கணவரைத் தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இதற்கும் நடுவர்தானா?

இல்லை அம்மா, இது வேறு பாதை. 1967 தொழிலுறவுச் சட்டத்தின்படி, நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் தொழில் நீதிமன்றம். வக்கீல் தேடி நாளைக் கடத்த வேண்டாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே போங்கள், சங்கத்திலும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் வழக்கறிஞர் இல்லை, கட்டுமானப் பொறியாளர். நடுவராக முடியுமா?

முடியும். நடுவர் சட்டப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்லவில்லை. கட்டுமானப் பணப் பாக்கிக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விரைவுத் தீர்ப்பாளராக (அட்ஜுடிகேட்டர்) தொடங்குவது உங்களுக்கு நல்ல வழி. அதற்குத் துறை அனுபவத்தோடு பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இளம் வழக்கறிஞர்களும் இந்த வழக்குகளைத் தேடிப் பிடிக்கலாம். நாட்கள் குறைவு, எல்லாம் எழுத்தில், சீக்கிரம் கை பழகும்.

கேள்வி: நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் ஒரு நடுவர் விசாரணையைப் பார்க்க முடியுமா அக்கா?

பலரும் கேட்ட கேள்வி இது. முடியாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். 2018 திருத்தத்தில் வந்த 41ஏ பிரிவு இரகசியத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போன வழக்குகளின் தீர்ப்புரைகளைப் படியுங்கள், உள்ளே என்ன நடந்தது, நடுவர் எங்கே தவறினார் என்பது அவற்றில் தெரியும். பாரிஸ் அனைத்துலக வணிகச் சபைக்கும் (ஐசிசி) சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மையத்துக்கும் இளையோர் குழுக்கள் உண்டு, சேரக் கட்டணம் இல்லை. அவை நடத்தும் இணையவழிக் கூட்டங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

பார்க்க முடியாததை நாமே நடத்திப் பார்ப்போம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அதே கோயில் மண்டபத்தில் மாதிரி விசாரணை வைக்கிறேன். 5 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெய்தான் வழக்கு. ஓய்வுபெற்ற ஆலைக் கிராணி (எழுத்தர்) ஒருவர் சாட்சியாக உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தரப்புக்கும் நாற்பது நிமிடம், கடிகாரம் என் கையில். வருபவர்கள் ரெட்ஃபெர்ன் அட்டவணையைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பசியாற வடையும் தேநீரும் இருக்கும்.