தவணையைத் தள்ளிப்போட இன்னொரு பட்டமா?

கேள்வி: அமெரிக்காவில் லாப நோக்கற்ற மருத்துவமனை ஒன்றில் மூன்று வருடமாக முழுநேர சாப்ளெய்ன், அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் ஆன்மிகத் துணை. தனி ஆள், சம்பளம் 62,000 டாலர். எம்.டிவ். என்ற இறையியல் முதுகலைப் படிப்புக்காக 2017 முதல் வாங்கிய ஃபெடரல் (மத்திய அரசு) கடன் 80,000, வட்டி 7 சதவீதம். வேலையில் சேர்ந்ததிலிருந்தே மதமும் அறவியலும் சேர்ந்த இன்னொரு முதுகலை ஆன்லைனில் படிக்கிறேன். படிக்கும்வரை தவணை கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் ஊரில் தம்பியின் வீட்டுக் கடனுக்கு மாதம் 500 டாலர் அனுப்புகிறேன். கடனைத் தனியார் வங்கிக்கு மாற்றலாமா? உறவினர் சொல்லும் ஐ.யு.எல். பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) நல்லதா?

பதில்: தம்பியைத்தான் முதலில் பிடிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, பிரச்சினை அந்த ஆன்லைன் படிப்பு.

எம்.டிவ். கையில் இருக்கிறது. கடிதத்தில் நான்கு யூனிட் சி.பி.இ. என்ற சாப்ளெய்ன் பயிற்சியும் முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். யூனிட்டுக்குக் குறைந்தது 400 மணி நேரம், நோயாளிகளோடும் வகுப்பிலும் உட்கார்ந்து முடித்தது. வேலைக்கு வேண்டியது அதுதான். இரண்டாவது முதுகலையால் சம்பளம் ஏறும் என்று நீங்களே ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அதற்குச் செமஸ்டருக்கு 2,400 கட்டுகிறீர்கள், வருடத்துக்கு 4,800. சரி, தவணை எவ்வளவு வரும்? வருமானத்தை வைத்துக் கணக்கிடும் ஐ.பி.ஆர். திட்டத்தில், 2014 ஜூலைக்குப் பின் முதல் கடன் வாங்கியவர் என்பதால், உங்களுக்கு மாதம் சுமார் 320, வருடத்துக்கு 3,840. அதாவது 3,840 கட்டாமலிருக்க 4,800 கட்டுகிறீர்கள்! இதற்கிடையில் வருடம் 5,600 வட்டி ஓடுகிறது. மூன்று வருடத்தில் 16,800. படிப்புக்கான தவணை ஒத்திவைப்பு முடிந்ததும் அது அசலோடு சேர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. உங்கள் மருத்துவமனை போன்ற இடத்தில் முழுநேரம் வேலை பார்த்தபடி 120 தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. பி.எஸ்.எல்.எஃப். என்பார்கள். முன்பு மதப் பணி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். 2021 முதல் அந்தத் தடை இல்லை. ஆனால் படிப்புக்காக ஒத்திவைத்த மாதம் கணக்கில் வராது. 36 மாதம் போயிற்று.

தனியார் வங்கிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். வட்டி ஒரு சதவீதம் குறையலாம், ஆனால் தள்ளுபடி உரிமை திரும்ப வராது. ஐ.யு.எல்.லா? கமிஷன் யாருக்கு என்று உறவினரிடமே கேளுங்கள். தம்பிக்காகக் காப்பீடு வேண்டுமென்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான சாதாரண டேர்ம் பாலிசி போதும்.

தம்பிக்கு 500 போகட்டும். படிப்புச் செலவு நின்றாலே தவணைக்குப் பணம் வந்துவிடும். ஆனால் அந்தப் பணத்தை எந்த மாதத்தோடு நிறுத்துவீர்கள் என்று இந்த வாரமே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். சாகக் கிடப்பவரின் குடும்பத்திடம் 'பேச வேண்டியதை இப்போதே பேசுங்கள்' என்று தினமும் சொல்கிறவர் நீங்கள்!

அப்புறம், கடன் நிறுவனத்துக்கு எழுதி ஒத்திவைப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கூடவே ஐ.பி.ஆர். விண்ணப்பமும் போடுங்கள். படிக்காமல் இருக்க முடியாதென்றால், அரைநேரத்துக்குக் குறைவாக ஒரே ஒரு பாடம் எடுங்கள். அதற்கு ஒத்திவைப்பு தானாக விழாது.