ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற பீகிள் நாயைத் தத்தெடுத்தால் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தாள்கள்: கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) விவரத்தோடு மருத்துவக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். காதின் உள்பக்கம் பச்சை குத்திய எண் இருந்தால் அது ஆய்வகமோ நாயை வளர்த்து விற்ற பண்ணையோ வைத்த அடையாளமாக இருக்கும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது முதல் சில வாரங்களில். கூண்டுத் தரையை மட்டுமே அறிந்த நாய்க்குப் புல், மாடிப்படி, கண்ணாடிக் கதவு எல்லாமே புதிது. மிரண்டால் பின்வாங்கி, கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கூப்பிட்டாலும் வராது, புதிதாக வைத்த பெயர் பாவம் அதற்கு இன்னும் பழகியிருக்காது. அதனால் மார்புப்பட்டை, கழுத்துப்பட்டை இரண்டிலும் தனித்தனிக் கயிறு கட்டுங்கள். வாசல் கதவுக்கு முன்னால் இன்னொரு தடுப்பும் வேண்டும்.

இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துப் பழகிய நாய் அது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போங்கள். தயவுசெய்து திட்டாதீர்கள், திட்டினால் ஒளிந்துபோய்க் கழிக்கும்.

சாதுவான நாய் ஒன்று ஏற்கெனவே இருக்கும் வீடுதான் என் முதல் தேர்வு. மனிதரை நம்பாத பீகிள்கூட அதைப் பார்த்துப் படியேறும்.