தக்கை ஆடுகிறது, மீன் மாட்டவில்லையே?

கேள்வி: குளத்தில் தூண்டில் போட்டால் தக்கை விடாமல் ஆடுகிறது. சுண்டினால் மீனும் இல்லை, மண்புழுவும் இல்லை. எங்கே தப்பு?

பதில்: முள் பெரிது, அல்லது தக்கைக்கு மிதப்பு அதிகம். பெரும்பாலும் இரண்டுமேதான். ஜிலேபி மாதிரி வாய் சிறுத்த மீனுக்கு 8 அல்லது 10-ஆம் எண் முள் போதும். (எண் கூடக் கூட முள் சிறுக்கும், பலர் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள்.) முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விடும். 2 செ.மீ. அளவுக்குக் கிள்ளி, வளைவு மறையக் கோத்து, முள் நுனி மட்டும் துளி தெரிய விடுங்கள்.

தெர்மாகோல் துண்டைத் தக்கையாகக் கட்டியிருந்தால் கழற்றிவிட்டு மயிலிறகுத் தண்டுக்கு மாறுங்கள். தண்டு தண்ணீருக்கு மேல் 1 செ.மீ. மட்டும் நிற்கும்வரை ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கடைசிக் குண்டு முள்ளுக்கு 15 செ.மீ. மேலே இருக்கட்டும். தண்டு துள்ளும்போது பொறுங்கள். சரிந்து நகர்ந்தாலோ அமிழ்ந்தாலோ மணிக்கட்டால் ஒரு சுண்டு. திடீரென எழும்பிப் படுத்தாலும் சுண்ட வேண்டும்: இரையோடு அந்தக் குண்டையும் மீன் தூக்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: தூண்டில் நரம்பு எப்போதும் முடிச்சில்தான் அறுகிறது. தடிமனாக மாற்றலாமா?

பதில்: வேண்டாம், தடித்த நரம்பைக் கண்டு மீன்தான் ஒதுங்கும். காய்ந்த முடிச்சை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் நலிந்துவிடும். முள்ளின் காதில் நுழைத்த நுனியை நரம்பின்மேல் 5 சுற்று சுற்றி, காதை ஒட்டிய கண்ணியில் விட்டு, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் விட்டு, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குங்கள். நரம்பின் கடைசி 1 மீட்டரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிடுங்கள், வெட்டியதைக் கரையில் போடாதீர்கள், பறவைக் காலில் சுற்றும்.

கேள்வி: விடியலில் மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறார்கள். எனக்கோ ஒன்றுகூட விழுவதில்லை.

பதில்: உங்கள் குளத்துத் தண்ணீர் பச்சையா? 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 மி.கி.தான். அதையும் பாசி இரவெல்லாம் இழுத்துக்கொள்வதால் விடியலில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் இரையைச் சீண்டாது. வெயில் ஏறி இரண்டு மணி நேரமாவது போகட்டும், அல்லது தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் பக்கம் போடுங்கள். விராலுக்கு இந்தக் கணக்கு இல்லை, அது காற்றையே நேராகச் சுவாசிக்கும்.

கேள்வி: சிறு மீனைத் திரும்ப விட்டால் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும். முள்ளின் எதிர்முள்ளை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) முன்கூட்டியே பிளையரால் நசுக்கிவிடுங்கள். நனைத்த கையால் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கழற்றுங்கள்.