ஈசிஜி அறிக்கையில் ‘அப்நார்மல்’ என்று அச்சாகியிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா?

வழக்கமான உடல் பரிசோதனையில் எடுத்த ஈசிஜியில் ‘அப்நார்மல்’ என்று வந்திருப்பதாகவும், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஈசிஜி எடுக்கும் பணியில் இருப்பவன். அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாளின் மேற்பகுதியில் அச்சாகும் அந்த வரியைப் பெரும்பாலும் கருவியிலுள்ள மென்பொருளே எழுதுகிறது. சுமார் 10 விநாடிப் பதிவை அளந்து சொல்லும் அதற்கு, உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் தெரியாது. நாள்தோறும் ஓடிப் பழகியவருக்கு நிமிடத்துக்கு 50 துடிப்பு என்பது இயல்பாக இருக்கலாம். கருவியோ 60க்குக் கீழே இறங்கினாலே ‘சைனஸ் பிராடிகார்டியா’ (மெதுவான இதயத் துடிப்பு) என்று குறித்துவிடும். இரு கைகளுக்குரிய ஒயர்களை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் ‘முதல் லீடு’ எனப்படும் பதிவு வரியில் அலைகள் தலைகீழாகி, இல்லாத நோய் ஒன்று தாளில் தோன்றிவிடுவதும் உண்டு.

அதற்காகத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது. ‘நான்-ஸ்பெசிஃபிக் எஸ்டி-டி சேஞ்சஸ்’ (குறிப்பிட்ட நோய் எதையும் சுட்டாத அலை மாற்றங்கள்), ‘இன்கம்ப்ளீட் ஆர்பிபிபி’ (இதயத்தின் வலப்பக்க மின்பாதையில் சிறு தாமதம்) போன்றவை, தொந்தரவு ஏதும் இல்லாதவரிடம் பெரும்பாலும் அவசரமானவை அல்ல. பழைய ஈசிஜி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு சில நாட்களில் மருத்துவரைப் பாருங்கள். மாற்றம் புதிதா, பழையதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (மேலறைகளில் தோன்றும் ஒழுங்கற்ற துடிப்பு), ‘எல்பிபிபி’ (இடப்பக்க மின்பாதையில் தடை), ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை முற்றிலும் போகாத நிலை) ஆகியவற்றில் ஒன்றோ, 500 மில்லிவிநாடியைத் தாண்டிய க்யூடிசி (ஒரு துடிப்பில் கீழறைகள் மின்னளவில் இயங்கி மீள எடுக்கும் நேரம்) அளவோ புதிதாகக் காணப்பட்டால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.

இதைவிட நான் அஞ்சுவது ‘நார்மல்’ என்று வந்த தாளை நம்பி வலியோடு வீட்டுக்குத் திரும்புவதைத்தான். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி ஈசிஜி எடுத்து, இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள். சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டு வரும் நெஞ்சழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், குறிப்பாக உடலுழைப்பின்போது வரும் மயக்கம், இவற்றில் எது இருந்தாலும் அறிக்கை என்ன சொன்னாலும் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலும் கடும் சோர்வும் மட்டும் வரலாம். இந்த அறிகுறிகளில் எது வந்தாலும் நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.