நாடகம் பார்த்துச் சீனம் பேச வருமா?

கேள்வி (செந்தூல் வாசகி): தினமும் ஆங்கில சப்டைட்டிலோடு சீன நாடகம் இரண்டு எபிசோட் பார்க்கிறேன். ஆறு மாதமாகியும் 'நீ ஹாவ்' (வணக்கம்), 'சியே சியே' (நன்றி) இரண்டையும் தாண்டவில்லை. எங்கே தவறு?

பதில்: ஆங்கில வரி ஓடும்வரை கண்ணே கதையைப் பிடித்துக்கொள்ளும்; காதுக்கு வேலையே இல்லை. கதைக்காகப் பார்ப்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள். அடுத்து சீன சப்டைட்டில் போடுங்கள். நம் மலேசியச் சீனப் பள்ளிகளில் சொல்லித் தரும் சிம்ப்ளிஃபைட் (எளிமையாக்கிய) எழுத்தையே தேர்ந்தெடுக்கவும். மூன்றாம் முறை வரிக்கு வரி நிறுத்தி, நடிகரின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து ஒப்பிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் வேகத்தை 0.75 ஆக்கலாம். 0.5 வேண்டாம், பேச்சு இழுபட்டு இயல்பு கெட்டுவிடும். நான்கைந்து வாக்கியங்களை முழுசாக எழுதி வைத்து, மறுநாள் எல்ஆர்டியில் போகும்போது திரும்பக் கேளுங்கள்.

கணினியில் குரோம் பிரவுசருக்கு 'லாங்குவேஜ் ரியாக்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் உண்டு. சீன எழுத்து, பின்யின் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை), மொழிபெயர்ப்பு மூன்றையும் சேர்த்துக் காட்டும். பின்யின் தானாக வருவதால் சில இடங்களில் பிசகும்: ஒரே எழுத்து 'வங்கி' என்ற சொல்லில் 'ஹாங்', 'சரி' என்னும்போது 'சிங்'. படத்தோடு பதிந்துவிட்ட சப்டைட்டிலை இந்த எக்ஸ்டென்ஷனால் படிக்கவும் முடியாது.

இரண்டு எச்சரிக்கை. கொரிய நாடகத்தின் சீன டப்பிங் வேண்டாம். டப்பிங் வசனமும் சப்டைட்டிலும் பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்பு என்பதால் கேட்பது ஒன்று, படிப்பது ஒன்று. அரண்மனைத் தொடரும் வேண்டாம். அங்கே ராணி தன்னை 'பென் கொங்' என்பாள். நாசி லெமாக் கடையில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அலுவலகம், குடும்பம் என்று இக்காலக் கதையாகப் பாருங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): சீனத்தில் 'வாங்குகிறேன்' என்றால் கடைக்காரர் நான் விற்க வந்ததாக நினைக்கிறார்!

பதில்: இரண்டுமே 'மாய்'தான், தொனி (குரல் ஏறி இறங்கும் விதம்) வேறு. வாங்குவது மூன்றாம் தொனி, விற்பது நான்காம் தொனி. பாடப்புத்தகத்தில் மூன்றாம் தொனி இறங்கி ஏறும். நாடகப் பேச்சில் பெரும்பாலும் தாழ்வாகவே நின்றுவிடும். மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது மேலெழும். ஆகவே 'வோ மாய்', நான் வாங்குகிறேன் என்னும்போது 'வோ' எழ, 'மாய்' தாழும். விற்கிறேன் என்றால் 'வோ' தாழ்ந்து, 'மாய்' உச்சியிலிருந்து சட்டென விழும். இந்த ஜோடியைப் பத்து முறை பதிவு செய்து பாருங்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி: பின்யினில் 'பி' (b) எழுத்து நம் 'பல்'லில் வரும் மூச்சில்லாத 'ப'. 'பீ' (p) எழுத்துக்குத்தான் மூச்சு வேண்டும். வாய்முன் டிஷ்யூ தாள் பிடித்தால் அது ஆட வேண்டும். 'மனிதர்' என்பதற்கான சீனச் சொல்லின் (rén) முதல் ஒலிக்கு நம் 'ழ' ஏறக்குறைய பொருந்தும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): பசாரில் காய்கறி விற்கும் ஆன்ட்டிகள் பேசுவது நாடகம்போல் இல்லையே?

பதில்: அவர்கள் தங்களுக்குள் பேசுவது பினாங்கில் ஹொக்கியன், கோலாலம்பூர் என்றால் கண்டோனீஸ்; இரண்டும் சீன வட்டார மொழிகள். நாடகத்தில் பொதுச் சீனமான மெண்டரின். நீங்கள் மெண்டரினில் கேட்டால் பலரும் அதிலேயே பதில் சொல்வார்கள், ஆனால் நம்மூர் மெண்டரினில்: பசாருக்கு 'பாஷா', விழுக்காட்டுக்கு 'பாசியன்'. பெய்ஜிங் தொடர்களில் இவை வராது. 988 என்ற நம்மூர்ச் சீன வானொலியையும் கொஞ்சம் கேளுங்கள்.

விலையில்தான் கவனம் தேவை. இங்கே பலர் 'ஷ'வை 'ச' ஆக்கிவிடுவதால் நான்கும் பத்தும் 'சி' என்றே காதில் விழும். விழும் தொனி என்றால் நான்கு, எழும் தொனி என்றால் பத்து. பிடிபடவில்லையா, விரலில் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு இரு ஆட்காட்டி விரல்களைக் குறுக்காக வைப்பவர்களும் உண்டு.