உப்புக்காற்றில் ஒரு ரேஸ் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1970களில் வாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரேஸ் சைக்கிள் கொல்லையில் கிடக்கிறது. பின்கியரில் (பின்சக்கரத்தில் செயினைப் பல் மாற்றும் பொறி) ‘கம்பன்யோலோ’ என்றும் ‘பேட்டன்ட் 75’ என்றும் பொறித்திருக்கிறது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: எடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது இத்தாலியின் விசென்சா ஊர்க் கம்பெனியின் சரக்கு. சேகரிப்பவர்கள் தேடி வாங்குவது. அந்தக் காலத்து நூவோ ரெக்கார்டு, சூப்பர் ரெக்கார்டு மாடல் பின்கியர்களில் அந்த எண்தான் வருடத்தைச் சொல்லும். உங்களுடையது 1975 வாக்கில் செய்தது. அடுத்து கிராங்க்கின், அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டின், உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒரு கட்டம், அதற்குள் 5 என்று இருந்தால் அதுவும் 1975. வருடங்கள் ஒட்டி வந்தால் சைக்கிள் புதிதாக வந்தபோது இருந்த சாமான்தான் என்று நம்பலாம், செட்டாகப் போகும். பின்கியர் 75, கிராங்க் 79 என்றால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்போது தனித்தனியாகத்தான் விலை.

கிராங்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேச வேண்டாம். கிராங்க் தண்டும் பல்சக்கரத்தைத் தாங்கும் கைகளும் சேரும் இடுக்கில்தான் இந்த மாடலில் விரிசல் விடும். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஈரக்கோடு ஊறி வந்தால் அது கீறல் அல்ல, விரிசல். அதை ஓட்டக்கூடாது, விற்றாலும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

கிராங்க்கைக் கழற்ற 22 மி.மீ. மரையுள்ள புல்லர் (இழுத்து எடுக்கும் கருவி) வேண்டும். போல்ட்டை எடுத்த பிறகும் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் எடுங்கள். இல்லையேல் புல்லர் ஆழமாக இறங்காது. இரண்டு மூன்று மரையிலேயே பிடித்து, திருகும்போது மரையோடு பிய்த்துக்கொண்டு வரும். மரை போன கிராங்க்குக்கு விலை பாதியும் தேறாது.

பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புளி, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் வேண்டாம். அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய பூச்சு ஒருமுறை போனால் திரும்பாது. அதன் பிறகு நம் ஊர்க் காற்று ஒரே மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். விற்பவர் எவ்வளவும் கேட்பார்.

கேள்வி: சீட் பில்லர் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேமுக்குள் இறுகிவிட்டது. வெல்டிங் பட்டறையில் சூடு காட்டி எடுக்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், மண்டபம்

பதில்: பட்டறைப் பக்கம் போக வேண்டாம். ஃபிரேம் இரும்பு, பில்லர் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் சேர்ந்ததும் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளை மாவு உப்பி ஆப்பு போல இறுகுகிறது. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டும் சூடானால் இன்னும் இறுகும், பெயின்ட்டும் போகும்.

பி.பி. ஆக்சிலை (கிராங்க்குகள் மாட்டியிருக்கும் அச்சு) கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக வைத்து, அடிவழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். நான்கைந்து நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு வெளியே தெரியும் பில்லரைச் சுற்றி மீன் பெட்டிக்குப் போடும் உடைத்த ஐஸைக் கட்டுங்கள், ஆனால் பாலித்தீன் பையில். ஐஸ் தண்ணீர் ஃபிரேமுக்குள் ஒழுகக்கூடாது. குளிரில் பில்லர் சுருங்கியதும் சீட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள், இழுக்காதீர்கள். அசையவில்லை என்றால் எண்ணெய், ஐஸ் என்று மறுபடியும். பொறுமை இல்லாதவர்கள்தான் பைப்பை முறுக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: ஷிமானோ பின்கியரின் பின்புறம் ‘எஃப் சி’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. என்ன அர்த்தம்? எப்படிப் பத்திரப்படுத்துவது?
– வாசகர், தொண்டி

பதில்: முதல் எழுத்து வருடம், ‘ஏ’ என்றால் 1976. இரண்டாவது மாதம். ஆக உங்களுடையது 1981 மார்ச். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ஈரத்தை இழுக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசியில் ஒருமுறை திறந்து பொட்டலத்தை மாற்றுங்கள்.