யாப்பு கற்காமல் கவிதை எழுதலாமா? எழுதித்தான் என்ன பயன்?

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், தெரியாமலும் எழுதலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்றும், ஏதோ ஒரு கவியரங்கில் மூத்தவர் ஒருவர் "தளை தெரியுமா தம்பி?" என்று கேட்டு உங்கள் வாயை அடைத்திருப்பார் என்றும் தோன்றுகிறது. தளை என்றால் செய்யுளில் ஒரு சீர், அதாவது அடியின் ஓர் உறுப்பு, அடுத்த சீரோடு இணையும் முறை. அவர் எந்த எண்ணத்தில் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. உடனே என்மீது மரபுப் பண்டிதர் என்று முத்திரை குத்த ஆயத்தமாகும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் அச்சில் வெளியிட்டவற்றில் பெரும்பகுதி யாப்புக்குக் கட்டுப்படாத புதுக்கவிதைதான். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழும், 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பும் திறந்துவிட்ட வழியில் நடப்பவன் நான். அந்த வழியை அடைக்கச் சொல்லவில்லை.

எனக்கு வெண்பா கற்றுத் தந்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர். நீர் வற்றிய கிணற்றைப் பற்றி எழுதி அவரிடம் எடுத்துச் சென்றேன். 'வறண்ட கேணியில் சோகக் கயிறொன்று' என்று அது தொடங்கியது. கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், முதல் இரண்டு சீர்களை மட்டும் விரலால் தொட்டு, "தளை தட்டுதுப்பா" என்றார். சீர் அசைகளால் ஆனது: மெய்யை விட்டுவிட்டால், ஓர் எழுத்து தனித்து ஒலிப்பது நேரசை, குறிலில் தொடங்கி இரண்டு இணைந்து ஒலிப்பது நிரையசை. 'வறண்ட' என்பது நிரை நேர், அதாவது புளிமா; நேரசையில் முடியும் இத்தகைய ஈரசைச் சீர்தான் மாச்சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை வர வேண்டும். 'கேணியில்' நேரசையில் தொடங்குகிறது. ஆகவே இரண்டில் ஒன்று போயாக வேண்டும். கேணியை விட மனமில்லாததால் 'வறண்ட' போயிற்று. அது போனதும், வறட்சியை வேறு எதைக் கொண்டு காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. தாத்தா வீட்டுக் கிணற்றை மனத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தேன். ராட்டினம் இல்லாத கிணறு அது. கைப்பிடிச் சுவரின் கல் விளிம்பில் கயிறு உரச, கையால்தான் இழுப்பார்கள். இழுத்து இழுத்து அந்தக் கல்லில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்திருந்தன. ஆச்சி வழக்கமாக நிற்கும் பக்கத்தில் ஆழம் சற்றுக் கூடுதல். அடுத்த முறை எடுத்துச் சென்றது இது:

கேணியில் நீரில்லை கல்லில் கயிறிழுத்த
காணும் தடமே கணக்கு.

'சோகம்' எப்போது வெளியேறியது என்று எனக்கே தெரியாது. கல்லில் விழுந்த தடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கவில்லை. எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல்) சரி, ஈற்றுச் சீர் 'பிறப்பு' வாய்பாடு, அதாவது வெண்பா முடிவதற்கு உரிய ஒலி மாதிரிகளில் ஒன்று, அதுவும் சரி என்றார் ஆசிரியர். அவர் பாராட்டு அவ்வளவே. இதைப் பெரிய கவிதை என்று சொல்ல நான் வரவில்லை. 'கயிறிழுத்த' என்பதற்கும் 'தடமே' என்பதற்கும் நடுவில் 'காணும்' சற்று இடறுகிறது என்பதை நானே அறிவேன். அதைச் சுட்டிக்காட்ட யாரும் சிரமப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. யாப்பு யாருக்கும் கவிதையை எடுத்துக் கொடுத்துவிடாது. ஆனால் முதலில் வாய்க்கு வந்த சொல்லை அது எளிதில் உள்ளே விடாது. புதுக்கவிதையில் அந்த மறுப்பை எழுதுபவனே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், அது இன்னும் கடினம்.

அங்கே தளையும் இல்லை, சீர்க்கணக்கும் இல்லை. அடி எங்கே முறிகிறது என்பதுதான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. இதைப் பத்திரிகைக்காரர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? ஓர் இதழில் என் கவிதையைப் பத்தியில் இடம் போதவில்லை என்று இரண்டிரண்டு அடிகளாக ஒட்டி வெளியிட்டார்கள். கேட்டதற்கு, "ஒரு சொல்கூட மாறவில்லையே சார்" என்று பதில் வந்தது. அதே பக்கத்தில் இருந்த நகைக்கடை விளம்பரத்தை நூலளவு குறுக்கியிருப்பார்களா?

இனிப் பயன். காசுப் பயனைக் கேட்கிறீர்கள் என்றால், காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று நம்மவர்கள் அந்த நாளிலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். வேறு பயனைக் கேட்கிறீர்கள் என்றால், 'நமக்குத் தொழில் கவிதை, நாட்டிற் குழைத்தல், இமைப்பொழுதும் சோரா திருத்தல்' என்ற பாரதியின் வரிகளை மேடைகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவை விநாயகர் நான்மணிமாலையில் வரும் ஒரு வெண்பாவின் முற்பகுதி என்பதை முழங்குவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 'சிந்தையே இம்மூன்றும் செய்' என்று தம் மனத்துக்கே கட்டளையிட்டு, வெண்பா முடிவுக்குரிய இன்னொரு மாதிரியான 'நாள்' வாய்பாட்டில் அதை முடிக்கிறார். யாப்பில்லாத வசன கவிதை எழுதியவரும் அவரேதான். என் கவிதையால் நாட்டுக்கு ஏதும் நடந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆச்சி நின்ற பக்கத்தில் பள்ளம் ஆழம் என்பதை எழுதப் போனதால்தான் கவனித்தேன், எனக்கு அந்தப் பயன் போதும்.

நீங்கள் கற்கத் துணிந்தால், அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையை எடுத்த எடுப்பில் கையில் எடுக்க வேண்டாம். விதிகளைச் சொல்லும் பாடல்களே கட்டளைக் கலித்துறை என்னும் கட்டுப்பாடு மிக்க பா வகையில் இருப்பதால் மலைப்பாக இருக்கும். முதலில் பத்துக் குறள்களை எடுத்து, அசையாகவும் சீராகவும் பிரித்து அலகிட்டுப் பாருங்கள். தளை எங்கே எப்படிப் பொருந்துகிறது என்பது பிடிபட்ட பிறகு காரிகைக்குப் போகலாம். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம், கவியரங்கத்துப் பெரியவர் வீடு தேடி வந்து கேட்கப் போவதில்லை.